வெயிலும் உழைப்பும்: அயனத் தீவொன்றின் வெப்பம் குறித்துச் சில சிந்தனைகள்

வெயிலைப் பற்றிக் கட்டுரை எழுதுவது வேண்டாத வேலை என்று எம்மில் பலர் எண்ணக்கூடும். வெப்பம் அயன மண்டலத்தின் இயல்பு. அதனுள்ளேயே பிறந்து வளர்ந்த எமக்கு அது ஆய்வுக்குரிய பொருளாகத் தோன்றுவதில்லை. வெள்ளம் வந்தால் நிவாரணம் பற்றிப் பேசுகிறோம். சூறாவளி வந்தால் அதற்குப் பெயரும் நாளும் குறித்து வைக்கிறோம். வெப்பம் மட்டும் ஓசையின்றி வந்து ஓசையின்றிப் போகிறது. “நாங்கள் வெயிலுக்குப் பழகிய ஆட்கள்” என்ற ஒரு வார்த்தையோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த வார்த்தை எந்த அளவுக்கு உண்மை? வெயிலுக்குப் பழகியவர் யார்? பழக வேண்டிய நிலையில் வைக்கப்பட்டிருப்பவர் யார்? இவ்வினாக்களை இலங்கைத் தீவை உதாரணமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வெப்பத்தின் பௌதிக இயல்பை முதலில் விளக்கி, அது மனித உடலிலும் உழைப்பிலும் எவ்வாறு தாக்குகின்றது என்பதைப் பின்னர் நோக்குவோம்.

1. வெப்பமானி சொல்லாத செய்தி

இலங்கை வட அகலக்கோடு ஏறத்தாழ 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்துள்ளது. சூரியனின் வடதிசைத் தோற்ற இயக்கத்தின்போது, ஏப்ரல் 5 ஆந் திகதியளவில் தெற்கே தேவேந்திரமுனைக்கும், ஏப்ரல் 15 ஆந் திகதியளவில் வடக்கே பருத்தித்துறைக்கும் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றது. ஓகஸ்ட் இறுதியிலும் செப்ரெம்பர் முதல் வாரத்திலும் அது மீண்டும் எம் தலைக்கு மேலாகத் தெற்கே திரும்பிச் செல்கின்றது. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நாளும் வடபகுதியில் சூரியன் உச்சங்கொள்ளும் நாளும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகின்றன.

எனினும் எமது தாழ்நிலங்களில் வெப்பமானி காட்டும் எண்கள் உலகின் ஏனைய வெப்பப் பிரதேசங்களோடு ஒப்பிடுமிடத்துப் பெரியன அல்ல. தாழ்நிலங்களின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியசை அடுத்தே நிற்கின்றது. வட இந்தியச் சமவெளிகளிலும் அரேபியப் பாலைநிலங்களிலும் கோடையில் 45 பாகையைத் தாண்டுவது உண்டு. இங்கு 40 பாகை என்பதே வழக்கத்தில் இல்லாத அளவு. நாற்புறமும் கடல் சூழ்ந்திருப்பதே இதற்குக் காரணம். நிலத்தைவிடக் கடல் மெதுவாகச் சூடேறுகிறது, மெதுவாகவே ஆறுகிறது. ஆதலின் தீவின் பகல் பாலைவனப் பகலைப் போலக் கொதிப்பதில்லை.

ஆனால் கடல் தரும் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலையுண்டு. பகலைக் கொதிக்கவிடாத கடல் இரவை ஆறவும் விடுவதில்லை. அத்துடன் அது வளியை நீராவியால் நிரப்புகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். வாடை ஓய்ந்துவிட்டது, சோளகம் இன்னும் எழவில்லை. காற்று விழுந்து, இலை அசையாது நிற்கும் அந்நாட்களில் உடலில் துளிர்க்கும் வியர்வை உலர்வதில்லை. இதனையே எம்மவர் “புழுக்கம்” என்பர். வெயில், வெக்கை, புழுக்கம், அனல், காங்கை என்று வழக்கிலே வேறுபடுத்தப்படும் இவ்வுணர்வுகளைச் சாதாரண வெப்பமானி ஒரே எண்ணாகச் சுருக்கிவிடுகிறது. இவ்விடயத்தில் மக்கள் வழக்கு அக்கருவியிலும் நுட்பமானது என்றே கூறவேண்டும்.

புழுக்கத்தை அளப்பதற்கும் விஞ்ஞானத்தில் ஓர் எளிய வழி உண்டு. வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றுப்பட வைத்தால், நீர் ஆவியாகும்போது குமிழ் குளிர்கிறது. வளி உலர்ந்ததாயின் அது மிகவும் குளிரும். வளியில் ஈரப்பதன் மிகுந்திருப்பின் சற்றே குளிரும். இவ்வாறு பெறும் அளவே ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வையில் நனைந்த உடலும் ஒருவகையில் ஈரத்துணி சுற்றிய குமிழேயாகும். ஆதலின் வளி எம்மை எந்த அளவுக்குக் குளிரவிடும் என்பதை இவ்வளவு காட்டுகிறது.

ஓர் ஒப்பீட்டைப் பார்ப்போம். பாலைநிலமொன்றில் வெப்பநிலை 40 பாகை, சாரீரப்பதன் 20 வீதம் எனக் கொண்டால் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 22 அல்லது 23 பாகையாகும். கடற்கரைப் பட்டினமொன்றில் வெப்பநிலை 33 பாகை, சாரீரப்பதன் 75 வீதம் எனின் அது ஏறத்தாழ 29 பாகையாகும். வெப்பமானியின்படி முன்னதே கொடியது. உழைக்கும் உடலின்படி பின்னதே கொடியது. அயனத் தீவுகளின் வெப்பம் பற்றிய விளக்கம் அனைத்தும் இந்த முரணிலிருந்தே தொடங்க வேண்டும்.

2. உடலின் கணக்கு

மனித உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை. தோலின் வெப்பநிலை சுமார் 35 பாகை. உடல் ஓய்ந்திருக்கும்போதும் ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தை இடையறாது வெளிவிடுகிறது. மண்வெட்டி பிடிப்பவர், மூட்டை சுமப்பவர், கல் அடுக்குபவர் ஆகியோரின் உடலிலே இது 400 உவாற்றையும் தாண்டக்கூடும். இவ்வெப்பம் வெளியேறியே ஆகவேண்டும். சூழவுள்ள வளி தோலைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பத்தின் ஒரு பகுதி நேரடியாக அதற்குள் செல்லும். வளியின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை எட்டியதும் அந்த வழி அடைபட்டுவிடும். எஞ்சுவது வியர்வை ஒன்றே.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 யூல் வெப்பத்தை உடலிலிருந்து கொண்டு செல்கிறது. மணிக்கு ஒரு லீற்றர் வியர்வை முற்றாக ஆவியாகுமாயின் 600 உவாற்றுக்கு மேற்பட்ட வெப்பம் நீங்கும். கடும் உழைப்பையும் ஈடுசெய்யப் போதுமான ஏற்பாடு இது. ஆனால் ஆவியாகாமல் வழிந்து நிலத்தில் விழும் வியர்வையால் உடலுக்குக் குளிர்ச்சி இல்லை. நீரும் உப்பும் இழந்ததே மிச்சம். புழுக்க நாட்களில் நிகழ்வது இதுதான்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையை எட்டினால், நிழலில் அசையாதிருக்கும் நலமுள்ள மனிதரும் சில மணித்தியாலங்களுக்கு மேல் தாங்க முடியாது என்பது 2010 இல் ஷேர்வூட், ஹியூபர் ஆகியோர் முன்வைத்த கோட்பாட்டு எல்லை. 2022 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் இளைஞரைக் கொண்டு நடத்திய சோதனைகள், ஈரப்பதன் மிக்க சூழலில் அந்த எல்லை உண்மையில் ஏறத்தாழ 31 பாகையே எனக் காட்டின. அச்சோதனைகளில் பங்குகொண்டோர் நலமுள்ள இளைஞர். அவர்கள் செய்தது மிக இலேசான அசைவுகளே. முதியவர்க்கும் நோயாளர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் எல்லை இன்னும் கீழே இருக்கும். நடுப்பகலில் பாரம் தூக்குவோர்க்கும் அவ்வாறே.

உடல் வெப்பத்துக்குப் பழகுவது உண்மையே. ஏறத்தாழ ஒன்றிரண்டு வாரங்கள் வெப்பத்தில் உழைத்த உடல் முன்னதாகவே வியர்க்கத் தொடங்குகிறது. வியர்வையில் உப்பின் அளவு குறைகிறது. இதயத்தின் சுமை இலேசாகிறது. புதிதாக வேலைக்கு வந்தவரும் நோயினின்று எழுந்து வந்தவரும் முதல் நாட்களிலேயே அதிக அபாயத்துக்குள்ளாவது இதனாலேயே. ஆனால் பழக்கம் உடலின் குளிரூட்டும் திறனைச் செம்மைப்படுத்துமேயன்றி பௌதிக விதியை மாற்றாது. வியர்வை உலராத வளியில், எவ்வளவு பழகிய உடலும் வெப்பத்தைத் தன்னுள்ளேயே சேர்த்து வைக்க நேரிடும். “பழகிய ஆட்கள்” என்ற வார்த்தையின் எல்லை இதுவே.

அந்த எல்லை மீறப்படும்போது முதலில் தசைப்பிடிப்பும், பின்னர் தலைச்சுற்றும் குமட்டலும் சோர்வும் தோன்றுகின்றன. உடலின் உள்வெப்பநிலை 40 பாகையை விஞ்சி, பேச்சுத் தடுமாறி, நினைவு மயங்குமாயின் அது வெப்ப அதிர்ச்சி. அது உயிராபத்தான நிலை. அந்நிலையில் ஒருவரை நிழலுக்குக் கொண்டுசென்று உடல் முழுவதும் நீரால் நனைத்து விசிறுவதும், தாமதமின்றி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்வதுமே செய்யவேண்டியவை. நினைவிழந்தவருக்கு நீர் புகட்டலாகாது.

3. இரு வகை வெப்பம்

இத்தீவில் வெப்பம் ஒரே முகத்தோடு வருவதில்லை. மேலே கூறிய சித்திரைப் புழுக்கம் அதன் ஒரு முகம். வைகாசிக்குப் பின்னர் கிழக்கிலும் வன்னியின் சில பகுதிகளிலும் வீசும் கச்சான் காற்று அதன் மறுமுகம்.

தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதுகிறது. வளி மேலெழும்போது குளிர்ந்து, முகிலாகி, அங்கே மழையாகப் பொழிகிறது. நீராவி நீராக மாறும்போது மறைவெப்பம் வெளிப்படுவதால், ஈரமான வளி உயரே செல்லும்போது மெதுவாகவே குளிர்கிறது. ஈரத்தை இழந்த அதே வளி கிழக்குச் சரிவில் இறங்கும்போதோ கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் விரைந்து சூடேறுகிறது.

எண்களால் விளக்கின் இவ்வாறாகும். கடல்மட்டத்தில் 28 பாகையாக இருந்த வளி முதல் அரைக் கிலோமீற்றரில் 5 பாகை குளிர்ந்து 23 பாகையாகிறது எனக் கொள்வோம். அதன்பின் முகில் உருவாகிறது. அடுத்த ஒன்றரைக் கிலோமீற்றரில் கிலோமீற்றருக்கு 5 பாகை வீதம் குளிர்ந்து அது 15.5 பாகையை அடைகிறது. மறுபுறம் 2 கிலோமீற்றர் கீழிறங்கும்போது 20 பாகை சூடேறி 35.5 பாகையாகிறது. நுவரெலியாவின் குளிரும் மட்டக்களப்பின் கச்சான் அனலும் இவ்வாறு ஒரே காற்றின் இரு விளைவுகளாகின்றன.

கச்சான் உலர்ந்த காற்று. அதில் வியர்வை உடனே உலர்ந்துவிடுகிறது, உடல் குளிர்கிறது. அதனாலேயே அது ஏமாற்றக்கூடியது. சட்டை நனையாததால் உழைப்பவர் தாம் எவ்வளவு நீரை இழந்தோம் என்பதை அறிவதில்லை. தாகம் தோன்றுமுன்பே உடலின் நீர் வற்றுகிறது, இரத்தம் செறிவடைகிறது, சிறுநீரகத்தின் சுமை கூடுகிறது. சுருங்கச் சொன்னால், புழுக்கம் உடலின் வெப்பத்தைப் பூட்டி வைக்கிறது. கச்சான் உடலின் நீரைக் களவாடுகிறது. இவ்விரண்டுக்கும் வெவ்வேறு பாதுகாப்புகள் வேண்டும். முன்னதற்கு ஓய்வும் காற்றோட்டமும் முதன்மையானவை. பின்னதற்கு நீரும் நிழலும் முதன்மையானவை.

4. வெப்பம் எல்லோர் மீதும் சமமாக விழுகிறதா?

வெயில் எல்லோருக்கும் பொதுவானது என்பர். வானத்திலிருந்து இறங்கும்வரை அது பொதுவானதே. நிலத்தை அடைந்ததும் கூரை, கூலி, நீர் ஆகிய மூன்றும் அதனைப் பங்கிட்டு விடுகின்றன.

முதலில் கூரையை நோக்குவோம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றம் சூடான வளியை மேலே போகவிட்டது. பனையோலையாலும் கிடுகாலும் வேய்ந்த கூரை வெயிலை உள்ளே கடத்தவில்லை. கிடுகு வேலி மறைப்பைத் தந்ததோடு காற்றையும் ஓரளவு அனுமதித்தது. இவற்றை நாம் பழமைப் பற்றினால் புகழவில்லை. ஓலைக் கூரை தீப்பற்றும், மழையில் ஒழுகும், ஆண்டுக்காண்டு வேயவேண்டும். ஓட்டுக்கோ சீமெந்துக்கோ மக்கள் மாறியதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆயின் ஓலையிலிருந்து ஓட்டுக்குச் செல்ல வசதியற்றோர் தகரத்துக்கே சென்றனர். நண்பகலில் தகரம் அடுப்பாகிறது.

2009 இல் போர் முடிந்தபோது செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்ட இலட்சக்கணக்கான மக்கள் தறப்பாள் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் அந்த ஆண்டின் கடுங்கோடையைக் கழித்தனர். பின்னர், வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கென 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை அமைக்கும் அரசாங்கத் திட்டம் 2016 ஆம் ஆண்டளவில் பெரும் விவாதத்துக்குள்ளானது. அவ்வீடுகள் செலவு மிகுந்தவை, திருத்தவும் விரிக்கவும் இலகுவற்றவை என்ற ஆட்சேபங்களோடு, எமது காலநிலைக்கு அவை ஒவ்வா என்ற ஆட்சேபமும் பொறியியலாளராலும் சமூக அமைப்புகளாலும் வலுவாக எழுப்பப்பட்டது. திட்டம் முதலில் வகுத்தவாறு நிறைவேறவில்லை. இந்நிகழ்ச்சி எமக்கு உணர்த்துவது யாது? ஏழை மக்களின் வீட்டைத் திட்டமிடும்போது வெப்பம் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. மக்கள் வற்புறுத்தினாலன்றி அது கணக்கில் ஏறுவதும் இல்லை.

கூரையின் கீழ் சுழலும் மின்விசிறியே இன்று பெரும்பாலான குடும்பங்களின் ஒரே குளிர்ச்சி. 2022 மார்ச் இறுதியில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின் துண்டிக்கப்பட்டபோது அந்த விசிறியும் நின்றது. ஆண்டின் மிகப் புழுக்கமான காலம் அது. கைக்குழந்தை அருகே இரவெல்லாம் விசிறியோலையுடன் விழித்திருந்த தாய்மாருக்கு அந்நியச் செலாவணி நெருக்கடி என்பது பொருளியற் பாடத்தின் சொற்றொடராக இருக்கவில்லை. உறக்கமற்ற இரவாகவே இருந்தது.

இரண்டாவது கூலி. உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். போர்க் காலத்தில் நீண்ட காலம் முடங்கிக் கிடந்து மீண்டும் இயங்கத் தொடங்கிய ஆனையிறவாயினும், மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை ஆயினும், உப்பு விளைவதற்கு வேண்டியவை மழையற்ற நாளும் கடும் வெயிலும் உலர்காற்றுமேயாகும். பாத்தியின் நீரை எது வற்றச் செய்கிறதோ அதுவே பாத்தியில் நிற்பவரின் உடல் நீரையும் வற்றச் செய்கிறது. அங்கே மரமில்லை, நிழலில்லை. வெண்மையான உப்புத்தரை மேலிருந்து விழும் வெயிலைக் கீழிருந்தும் முகத்தில் எறிகிறது. விளைச்சலுக்கு உகந்த நாளே உடலுக்கு ஒவ்வாத நாளாக இருக்கும் தொழில் இது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் குறித்து 2023 இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் பாதுகாப்பான எல்லைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதையும், ஒரு சாராரின் சிறுநீரகத் தொழிற்பாடு குன்றியிருந்ததையும் சுட்டிக்காட்டியது. பாக்குநீரிணையின் இக்கரைக்கும் அக்கரைக்கும் வெயிலில் வேற்றுமை இல்லை.

துலா மிதித்து நீரிறைத்த காலத்தில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் விடியற்புறத்திலேயே வேலையைத் தொடங்கி வெயில் ஏறுமுன் கரையேறினான். தன் நேரத்தைத் தானே வகுக்கும் உரிமை இருந்தவரைக்குமே அது சாத்தியமாயிற்று. நாட்கூலிக்கும் கொந்தராத்துக்கும் உழைப்பவருக்கு அந்த உரிமை இல்லை. நிழலில் அமரும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவருக்குக் கூலி இழப்பு. வேலையின் அளவுக்குக் கூலி கொடுக்கும் முறையில், உடல் “போதும்” என்று சொல்லும்போது வயிறு “இன்னும்” என்கிறது. வைத்திய அறிவுரையைக் கேட்டு நண்பகலில் ஓய்வெடுக்கும் சுதந்திரம் வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகிறது.

மூன்றாவது நீர். யாழ்ப்பாணத்துப் பழைய வழிகளில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் ஆகியன அமைக்கப்பட்டிருந்தன. பருத்தித்துறைத் தெருமூடிமடம் இன்றும் எஞ்சி நிற்கும் ஒரு சின்னம். நடப்பவருக்கு நிழல், சுமப்பவருக்கு ஓய்வு, மாட்டுக்கும் நீர் என்ற அக்கறையின் வெளிப்பாடுகள் இவை. வெப்பத்தை ஒரு பொதுப் பிரச்சினையாகக் கண்ட சமூகத்தின் ஏற்பாடுகள். இதனைப் பெருமையோடு நினைவுகூரும் நாம் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றில் நீரள்ளும் உரிமையின்றிப் பிறர் அள்ளி ஊற்றுமட்டும் வெயிலில் காத்து நின்ற சமூகமும் இதுவே. தேநீர்க்கடையில் சமமாக அமர்ந்து குடிக்கும் உரிமைக்காக, 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1960களின் பிற்பகுதியில் வீதியில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. வெயிலில் அதிகம் உழைத்தவருக்கே நீர் மறுக்கப்பட்டது என்ற உண்மையைச் சேர்க்காமல் எமது வெப்ப வரலாற்றை எழுத முடியாது. இன்றும் தீவகத்தின் உவர்நீர்ப் பகுதிகளிலும் வன்னியின் வறண்ட ஊர்களிலும் குடிநீர் பவுசரில் வரும்வரை குடத்தோடு காத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே.

5. பதியப்படாத நோய்

வெப்பத்தால் இறந்தோர் எத்தனை பேர் என்று கேட்டால் விடை காண்பது கடினம். காரணம் எளிது. மரணப் பதிவில் இதய நோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்ற பெயர்களே இடம்பெறும். அன்று எத்தனை பாகை வெயில், இறந்தவர் அன்று என்ன வேலை செய்தார் என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

1990களில் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா முதலிய விவசாயப் பகுதிகளில் இனங்காணப்பட்ட, காரணம் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இங்கு கவனத்துக்குரியது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத நெற்செய்கையாளர் பலர் இதற்கு ஆளாயினர். குடிநீரின் வன்மை, புளோரைட்டு, பார உலோகங்கள், விவசாய இரசாயனங்கள் எனப் பல காரணிகள் முன்வைக்கப்பட்டு விவாதிக்கப்பட்டு வருகின்றன. இதையொத்த நோய் மத்திய அமெரிக்காவில் எல்சல்வடோர், நிக்கராகுவா ஆகிய நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளரிடையேயும் காணப்பட்டது. கடும் வெயிலில் இடைவிடாது உழைப்பதால் மீண்டும் மீண்டும் நேரும் நீரிழப்பு அங்கு ஒரு முக்கிய காரணியாகக் கருதப்படுகிறது. நிக்கராகுவாவின் கரும்புச் செய்கையில் நீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் ஒழுங்காக வழங்கியபோது தொழிலாளரின் சிறுநீரகப் பாதிப்புக் குறைந்ததை ஆய்வாளர் அவதானித்துள்ளனர்.

இதனைக் கொண்டு வடமத்திய மாகாண நோய்க்கு வெப்பமே காரணம் என்று நாம் முடிவு கட்ட முற்படவில்லை. வெப்பமான எல்லாப் பகுதிகளிலும் அந்நோய் ஒரே அளவில் காணப்படவில்லை என்பதே அத்தகைய முடிவுக்குத் தடையாகும். ஆயினும் குடிநீரில் நஞ்சு இருப்பின், நாள்தோறும் உடல்நீர் வற்றும் உழைப்பாளியின் சிறுநீரகத்தில் அது செறிவாகவே சென்று தாக்கும். ஆதலின் நீரை ஆராய்வோர் வெயிலையும், வெயிலை ஆராய்வோர் வேலை நேரத்தையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

6. சூடேறும் கடல்

இதுவரை கூறியவை பழைய வெயிலுக்கும் பொருந்துவன. இன்று அந்த வெயிலே மாறி வருகிறது. அயன இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு வெப்பநிலை 1951 இற்கும் 2015 இற்கும் இடையில் ஏறத்தாழ 1 பாகை உயர்ந்துள்ளது. 1998 இல் எமது கரையோர முருகைப் பாறைகள் வெளிறி இறந்தமை இவ்வெப்பத்தின் கண்கூடான விளைவுகளுள் ஒன்று. வளி ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. ஆகவே சூடேறும் கடலால் சூழப்பட்ட தீவில் வெப்பமானி சற்றே ஏறினாலும் புழுக்கம் அதனினும் பெரிதாக ஏறும்.

உலகில் பதிவான ஆண்டுகளுள் மிக வெப்பமானதாக 2024 அமைந்தது. அவ்வாண்டின் முற்பகுதியில் இலங்கைப் பாடசாலைகளில் வெளிக்கள விளையாட்டுகளைக் கட்டுப்படுத்துமாறு அதிகாரிகள் அறிவுறுத்தினர். ஏப்ரல் இறுதியில் மற்றோர் அயனத் தீவு நாடான பிலிப்பைன்சில் அரசாங்கப் பாடசாலைகளில் நேரடி வகுப்புகள் நாடெங்கும் இரு நாட்கள் நிறுத்தப்பட்டன. ஆனால் மாணவரை வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, அவர்களின் பெற்றோரைப் பட்டறையிலிருந்தோ வயலிலிருந்தோ கூலியோடு வீட்டுக்கு அனுப்ப எவரும் முன்வரவில்லை.

இவ்வெப்பமாதலுக்குச் சிறு தீவுகளின் பங்கு மிகச் சொற்பம். கைத்தொழில் வல்லரசுகளின் பங்கே பெரிது. அந்நாடுகளிடம் நியாயம் கேட்பது எமது உரிமை. எனினும் “காலநிலை மாற்றம்” என்ற சொல் உள்ளூர்ப் பொறுப்பை மறைக்கும் திரையாகிவிடலாகாது. வீதியோர மரத்தைத் தறித்தவரும், தகரக் கூரையை வீடென்று கையளித்தவரும், நண்பகலிலும் வேலை வாங்குபவரும் உலக வெப்பமாதலின் பின்னால் ஒளிந்துகொள்ள நாம் இடமளிக்க முடியாது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகிறது. அயனத் தீவின் வெப்பத்தை உயிராபத்தாக்குவதில் பாகைகளின் எண்ணிக்கைக்கு உள்ள பங்கைப்போல உழைப்பின் நிபந்தனைகளுக்கும் பங்குண்டு. பாகைகளை நாம் உடனடியாகக் குறைக்க முடியாது; நிபந்தனைகளை மாற்றலாம்.

இது கற்பனையான எதிர்பார்ப்பன்று. எம்மவர் பல்லாயிரவர் உழைக்கச் செல்லும் கட்டாரில், 2021 முதல், கோடை மாதங்களில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலை தடைசெய்யப்பட்டுள்ளது. ஈரக்குமிழ், வெயில், வளி ஆகிய மூன்று அளவுகளையும் சேர்த்துக் கணிக்கும் வெப்பச் சுட்டெண் 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரத்திலும் வேலையை நிறுத்தவேண்டும் என்பதும் அங்குச் சட்டம். புலம்பெயர் தொழிலாளர் பலர் மாண்டதன் பின்னர், சர்வதேசக் கண்டனங்களின் அழுத்தத்தில் இயற்றப்பட்ட சட்டம் அது. எமது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தொழிற்சாலையின் காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் பற்றி அது பேசுகிறது. ஆனால் வயலும் மீன்வாடியும் வீதியும் தொழிற்சாலைகள் அல்லவே.

ஆகவே கூலி குறையாத நண்பகல் ஓய்வு, வேலைத்தளத்தில் குடிநீரும் நிழலும், வீடமைப்புத் திட்டங்களில் கூரையின் வெப்பத்தை ஒரு நிபந்தனையாக்குதல், மரணப் பதிவில் வெப்பத்தையும் தொழிலையும் குறித்தல் ஆகியவை நாம் முன்வைக்கும் கோரிக்கைகள். வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் அறிவித்தல்கள் பயனுள்ளவை. ஆயினும் “அவதானமாக இருங்கள்” என்ற அறிவுரையைப் பின்பற்றும் வசதி அற்றவருக்கு அவை வெறும் செய்தியே.

பல்கலைக்கழகத்தாரான எமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. உப்பளத்திலும், நெல்வயலிலும், மீன்வாடியிலும், தகரக் கூரையின் கீழும், அங்கே உழைப்போரும் உறங்குவோரும் தாங்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை எவ்வளவு என்பது முறையாகத் தொடர்ந்து அளக்கப்படல் வேண்டும். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. இரண்டு வெப்பமானிகள், ஒரு துண்டு ஈரத்துணி, ஒரு குறிப்புப் புத்தகம், நண்பகலில் அவ்விடத்துக்குச் சென்று நிற்கும் மனம் ஆகியவை போதும். அடுத்த சித்திரைக்கு முன்னர் எம் மாணவர் சிலரேனும் அதனைத் தொடங்குவார்களாயின், “பழகிய ஆட்கள்” என்ற பழைய வார்த்தைக்கு எண்களால் மறுமொழி கூற எம்மால் முடியும்.